காயின் மெஷின் பேக்மேன் வீட்டுக்கு வந்தால் ஏன் கைக்கு அடங்குவதில்லை

பர்மா பஜார் டிவி கேமில் பேக்மேனை (சந்துபொந்தான பாதையில் பேய்களிடம் மாட்டாமல் ஓடும் ஆட்டம்) போட்டுப் பார்த்துவிட்டு "மெஷின்ல ஆடின மாதிரி இல்லையே" என்பவர்கள் முதலில் கலரைத்தான் குறை சொல்வார்கள். கலர் போனால் போகட்டும், ஆட்டம் போகாது. திரையின் வடிவமும் வேகமும் மாறினால்தான் ஆட்டமே கெடும்.

1980-இல் வந்த அசல் மெஷினில் திரை நிமிர்ந்து நிற்கும்: அகலம் 224 புள்ளி (பிக்சல்), உயரம் 288. பாதை மட்டுமே 248 புள்ளி உயரம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கோ மொத்த உயரமே 192. பாதையை அமுக்காமல் வழியில்லை. மேலும் கீழும் ஓடும் தூரம் குறைகிறது. பேய் நெருங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்று கை பழகி வைத்திருந்த கணக்கு தப்புகிறது.

நகரும் பின்னணி உள்ள ஆட்டங்களில் கஷ்டம் இன்னும் அதிகம். ஸ்பெக்ட்ரமில் ஸ்க்ரோலிங்குக்குத் தனி சர்க்யூட் கிடையாது. இசட்80 என்ற அதன் மூளைச் சிப்பேதான் படத்தைத் தள்ள வேண்டும். படம் 6,144 பைட். பைட்டுகளை இடம் மாற்றி எழுதும் எல்டிஐஆர் கட்டளைக்கு ஒரு பைட்டை நகர்த்த 21 சுழற்சி (சிப்பின் கடிகாரத் துடிப்பு). பெருக்கினால் 1,29,024. ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை மாறும் நேரத்துக்கு, கிடைப்பதோ 69,888 சுழற்சிதான். எதிரி, குண்டு, சத்தம் எதுவும் சேராமலே ஏறக்குறைய இரண்டு ஃப்ரேம் காலி. அதுவும் எட்டு எட்டுப் புள்ளியாகத் தாவும் நகர்வுக்கு; புள்ளி புள்ளியாக வழுக்கிப் போக இன்னும் அதிகம் ஆகும். ஆடும் பகுதியைச் சின்னதாக்கிச் சுற்றிலும் அலங்காரப் பட்டை போட்டார்களே, அது சோம்பேறித்தனம் இல்லை. இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டது.

அடுத்தது வேகம். நம் ஊரில் இருந்த பழைய பால் (PAL) முறை டிவிக்கு நொடிக்கு 50 முறை படம் மாறும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. ஃப்ரேமை எண்ணி ஓடும் ஆட்டத்தை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்தால் 60 நொடியில் முடிய வேண்டியது 72 நொடி இழுக்கும். எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள்) ஆடுபவர்கள் ஜப்பான் அல்லது அமெரிக்கப் பதிப்பையே எடுங்கள், மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

பிறகு கைப்பிடி. பேக்மேனுக்கு நாலு திசை ஸ்டிக். எட்டுத் திசை ஸ்டிக்கில் ஆடினால் மூலையில் குறுக்குத் திசை பதிந்து, திருப்பம் தவறிவிடும். சான்வா கம்பெனியின் ஜேஎல்எஃப் ஸ்டிக் வைத்திருந்தால், அடியில் உள்ள சதுரத் தகட்டைக் கழற்றி 45 டிகிரி திருப்பி மாட்டுங்கள். குறுக்குத் திசை அடைபட்டுவிடும். சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்குக் குறுக்குத் திசையும் வேண்டும், அதனால் மறுபடி பழையபடி திருப்ப வேண்டும். அந்த மெஷினுக்கு ஆறு பட்டன்; ஒற்றைப் பட்டன் ஜாய்ஸ்டிக் வைத்திருந்த அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனபோது, ஆறு பட்டன் வேலையை ஒன்றில் அடக்க அது பாடாய்ப் பட்டது.

ஸ்டிக்கும் பட்டனும் பொருத்தும் பெட்டியை வீட்டிலேயே செய்தால், 12 மி.மீ. பிளைவுட்டில் அழுத்திச் செருகும் 30 மி.மீ. பட்டன் பிடிக்காது. மரை போட்டு இறுக்கும் வகை வாங்குங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில், அழுத்தத்தைப் பதிவு செய்யும் குட்டி சுவிட்சான மைக்ரோசுவிட்சின் கால்கள் பச்சை பூக்கும். அழுத்தினாலும் சில நேரம் பதியாது. வயர் முனையை உருவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, தளர்ந்திருந்தால் பிளையரால் லேசாக நெரித்து மாட்டுங்கள்.