காது நன்றாகவே கேட்கிறது

நவம்பர் 5, செவ்வாய்

நவம்பர் வந்தால் என்னைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். மதுரை அரசரடிப் பக்கம் ஓர் இ-சேவை மையத்துக்குப் போனேன். "கூட யாரும் வரலையா பாட்டி?" என்று ஆரம்பித்தான் அங்கிருந்த பையன், தெருக்கோடி வரை கேட்கிற குரலில். முப்பது வருஷத்துக்கு மேல் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தவள் நான். ட்ரங்க் கால் காலத்தில் அத்தனை இரைச்சலுக்கு நடுவே நம்பரைப் பிடித்த காது இது. "மெதுவாப் பேசுப்பா, கேக்குது" என்றேன். சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

ரேகை விழவில்லை. வயதானால் ரேகை தேய்ந்து, தோலும் வறண்டு, கருவி பிடிக்காமல் போவது சகஜம்தான். அவனோ சின்னப் பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்குவதுபோல் என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தான். முகத்தைக் காட்டியே எடுக்கலாமே என்றேன். "அதெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது பாட்டி. மகனைக் கூட்டிக்கிட்டு வாங்க."

நவம்பர் 6, புதன்

மொட்டை மாடி வெளிச்சத்தில் உட்கார்ந்து போனிலேயே அந்த உயிர்ச் சான்றை நானே எடுத்துவிட்டேன். ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, ஆதார் முக அடையாளச் செயலி ஒன்று. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, ஓடிபி. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் முடிந்தது. இந்த வசதி 2021-லேயே வந்தாயிற்று.

நவம்பர் 9, சனி

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை எடுக்கப் போனேன். நான் கேட்டது அரக்கு. கடைப் பையன் எடுத்துப் போட்டதெல்லாம் சந்தனம், சாம்பல், வெளிர் நீலம். "உங்க வயசுக்கு இதுதாம்மா எடுப்பா இருக்கும்." மீசை சரியாக முளைக்காத பையனுக்கு என் வயதைப் பற்றி எவ்வளவு உறுதி!

அதில் ஒன்றைக் காட்டி, கையால் கட்டிய ஒரிஜினல் என்றான். விரித்துப் பார்த்தேன். புள்ளியெல்லாம் ஒரே அளவு, அச்சு. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால் புள்ளி இப்படி வட்டம் போட்ட மாதிரி வராது. ஒன்று பெரிது ஒன்று சிறிதாக இருக்கும், நடுவில் ஒரு பொட்டுச் சாயம் நிற்கும், தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். நான் சொல்லச் சொல்ல முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அப்புறம்தான் உள்ளேயிருந்து அரக்கு வந்தது. விலையும் ஏறித்தான் வந்தது, அது வேறு விஷயம்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர்: "இந்த வெயில்ல எதுக்கு ஆத்தா அலையிற?" யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அதனால்தான் பதில் பேச முடியாமல் போகிறது. கை கொடுத்து ஏற்றிவிட்டால் சந்தோஷமாகப் பிடித்துக்கொள்வேன். ஏன் ஏறினாய் என்பதுதான் உறுத்துகிறது. ரயிலில் 58 வயதுப் பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகையை 2020-ல் நிறுத்தினார்கள். இலவச அறிவுரையை யாரும் நிறுத்தக் காணோம்.

சிம்மக்கல்லில் பூ விற்கிற அக்காவுக்கு என்னைவிட வயது கூடுதலாகவே இருக்கும். அவரிடம் முழம் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.

நவம்பர் 13, புதன்

சர்க்கரை டாக்டர். மகனும் கூட வந்தான், அதுதான் வம்பு. "அம்மா ராத்திரி நல்லாத் தூங்குறாங்களா?" என்று அவனைக் கேட்கிறார். மாடியில் படுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? "மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா?" பதில் நான் சொன்னேன். டாக்டர் அவனைப் பார்த்தார், சாட்சிக்கு.

"என்னையே கேளுங்க டாக்டர். இவனுக்கு என் மாத்திரைப் பேரே தெரியாது."

மகனுக்குச் சிரிப்பு. டாக்டர் கொஞ்சம் முழித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். காலில் மதமதப்பு இருப்பதையும், போன வாரம் செருப்பு கழன்றது தெரியாமலே வாசல் வரை நடந்து வந்ததையும் சொன்னேன். மகன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவனிடம் இதைச் சொன்னதில்லை. மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சில இடத்தில் தெரியவில்லை. மருந்தை மாற்றி எழுதினார், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார்.

சீட்டை மட்டும் பழக்கதோஷத்தில் மகனிடம்தான் நீட்டினார். நான் குறுக்கே கை நீட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.