நாமே எழுத வேண்டிய சில வரிகள்

6 ஜூலை 2025, ஞாயிறு

உறவினர் ஒருவர் காலமானதை ஒட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குவிந்த இரங்கல் செய்திகளை இன்று வரிசையாகப் படித்தேன். "ஆழ்ந்த இரங்கல்கள், அன்னாரின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்" என்ற வழக்கமான வரியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசில் நினைவஞ்சலி அறிவிப்புகளைப் படித்துப் பழகிய நமக்கு அது ஒரு சடங்கு என்பது தெரியும். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. என்னை உறுத்தியது வேறொரு செய்தி. பெரியவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒருவர், அவருடைய கனிந்த சிரிப்பையும் வீட்டுக்கு வருவோரைக் கலகலப்பாக வரவேற்கும் பண்பையும் நினைவுகூர்ந்து நான்கு பத்திகள் அனுப்பியிருந்தார். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு எழுதியதாக அவரே என்னிடம் சொன்னார். இறந்தவரோ நான்கு பேர் கூடினால் அறைக்குள் ஒதுங்கிவிடும் கூச்ச சுபாவம் கொண்டவர். அந்தக் கருவிக்கு அவரைத் தெரியாது. இரங்கல் செய்திகளில் எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதைக் கணித்து எழுத மட்டுமே தெரியும். பழைய சடங்கு வரி எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை, இதுவோ இல்லாத நினைவை இருப்பதாகச் சொல்கிறது. துக்க வீட்டில் அது தகாத காரியம் என்றே நினைக்கிறேன்.

12 ஜூலை, சனி

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் சாதாரண நிலை (ஓ-லெவல்) தேர்வுக்குத் தயாராகும் துணைப்பாட வகுப்பில், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு நன்றி தெரிவித்து மின்னஞ்சல் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி கொண்டுவந்தது பிழையற்ற, வழுவழுப்பான கடிதம். தாளை மூடி வைத்துவிட்டு அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டபோது, இரண்டாம் பத்தியில் என்ன இருந்தது என்பதே அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கருவியிடம் கேட்டு எழுதியதை அவள் மறைக்கவும் இல்லை.

சென்ற மாதம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீடியா லேப் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு உடனே நினைவுக்கு வந்தது. 54 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைச் சாட்ஜிபிடியுடனும், இன்னொன்றைத் தேடுபொறியுடனும், மூன்றாவதை எந்த உதவியும் இல்லாமலும் கட்டுரை எழுத வைத்து, எழுதும்போது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். சாட்ஜிபிடி குழுவினரின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பே மூன்று குழுக்களிலும் மிகப் பலவீனமானதாக இருந்தது. சற்று முன் தாங்கள் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட அவர்களில் பெரும்பாலோரால் சரியாக எடுத்துச் சொல்ல முடியவில்லை. பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது, சக ஆய்வாளர் மதிப்பீடும் இன்னும் முடியவில்லை. ஆகவே அதை முடிந்த முடிவாக நான் கொள்ளவில்லை. ஆனால் வகுப்பில் கண்டதோடு அது ஒத்துப்போகிறது.

20 ஜூலை, ஞாயிறு

கருவியிடம் எழுதி வாங்குவது ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் உள்ள சிக்கல்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அளவில் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பேசுவதாவது ஓரளவு நடக்கிறது. எழுதுவதற்கு நம் பிள்ளைகளுக்கு, பள்ளிப் பாடத்தை விட்டால், என்ன வாய்ப்பு இருக்கிறது? தாத்தாவுக்கு ஒரு தீபாவளி வாழ்த்து, ஊரிலிருக்கும் அத்தைக்கு ஒரு விசாரிப்பு, சமூக மன்ற நிகழ்ச்சிக்கு ஓர் அழைப்பு, ஆசிரியருக்கு ஒரு நன்றி. அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதுபவர் அதில் பாதியைக் கருவியிடம் ஒப்படைத்தாலும் மறுபாதி அவர் கையில் இருக்கும். நமக்கோ இந்தச் சின்ன எழுத்துகளே முழு உடைமை.

கருவியின் தமிழ் இன்னும் செயற்கையாக இருக்கிறது என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அந்த ஆறுதல் நீடிக்காது. சிங்கப்பூரின் தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டமான ஏஐ சிங்கப்பூர் உருவாக்கியுள்ள சீ-லயன், இத்தகைய கருவிகளுக்கு அடிப்படையான ஒரு மொழி மாதிரி, தமிழையும் உள்ளடக்கியது. அத்தகைய முயற்சிகளை நான் வரவேற்கிறேன். கருவியின் தமிழ் நாளுக்கு நாள் மேம்படத்தான் போகிறது. மேம்பட மேம்பட, பதினைந்து வயதுப் பிள்ளை தன் தட்டுத்தடுமாறும் வாக்கியத்தை எழுதிப் பார்க்க இன்னும் தயங்கும் என்பதே என் கவலை.

23 ஜூலை, புதன்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர், தங்கை திருமணத்துக்கு விடுப்புக் கேட்டு முதலாளிக்கு ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தைக் காட்டி, "அக்கா, சரியா இருக்கா பாருங்க" என்றார். கருவி எழுதித் தந்த விண்ணப்பம், சரியாகவே இருந்தது. முன்பெல்லாம் இதற்கு யாரையாவது தேடிக் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த உதவியை யாரும் குறை சொல்லக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும் செய்தியை மட்டும் அவரே தமிழில் தட்டச்சு செய்கிறார்.

2 ஆகஸ்ட், சனி

வகுப்பில் வரிசையை மாற்றினேன். முதல் அரை மணி நேரம் தாளும் பேனாவும் மட்டும். எழுதி முடித்த பிறகு, ஒற்று மிகும் இடங்களையும் ற, ர வேறுபாட்டையும் சுட்டிக்காட்டும்படி மட்டும் கருவியைக் கேட்கலாம், வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லக் கூடாது. முதலில் முணுமுணுப்பு இருந்தது. அதே மாணவி அந்த நன்றிக் கடிதத்தை மீண்டும் எழுதினாள்: மழை பெய்து திடலில் விளையாட முடியாமல் போன நாளில், ஆசிரியர் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பறையிலேயே ஆட விட்டாராம். மூன்று எழுத்துப்பிழைகள், ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. ஆனால் அந்த ஆசிரியர் படித்தால், எழுதியது யார் என்று பெயரைப் பார்க்காமலே கண்டுகொள்வார்.

வகுப்பு முடிந்ததும் அவளுடைய தந்தை, இப்படிப் பிழையோடு எழுதப் பழகினால் மதிப்பெண் குறையாதா என்று கவலையோடு கேட்டார். தேர்வு அறையில் அவளுக்கு உதவ எந்தக் கருவியும் இருக்காது, பிழைகளை இப்போதே என்னிடம் செய்யட்டும், ஐயா, என்றேன். ஆண்டிறுதிவரை இதே முறையில் நடத்த அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.