வாசலில் ஒரு ஊதாப்பூ மலைவேம்பு

மேலை நாட்டார் தோட்டங்களில் கொண்டாடும் லைலாக், நம் மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், கடுங்குளிரில் இலையுதிர்த்து உறங்கி எழுந்தால்தான் நன்றாகப் பூக்கும் என்பதால், பல்லடத்தை அடுத்த எங்கள் மேட்டாங்காட்டில் அதற்கு வழியில்லை. ஆங்கிலத்தில் பெர்சியன் லைலாக் என்று வழங்கும் மலைவேம்பையே நான் வாசலில் வளர்க்கிறேன்.

நாற்று வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்காக நம் பகுதியில் ஏக்கர் கணக்கில் நடப்படும் மரத்தையும் மலைவேம்பு என்றே சொல்கிறார்கள். அதன் பூ பச்சை கலந்த வெள்ளை நிறம். ஆகவே, ஊதாவில் பூத்து நின்ற மரமொன்றைப் பார்த்து வைத்து, அதன் பழத்தைப் பொறுக்கி வந்து, தோலும் சதையும் போகக் கழுவி, வரிவரியாகப் பள்ளம் விழுந்த அந்தக் கொட்டையை ஊறவைத்து ஊன்றினேன். ஒரே கொட்டையிலிருந்து மூன்று முளைகள் வந்தன. வாளிப்பானதை மட்டும் விட்டுவைத்தேன்.

சுக்கான்கல் கலந்த செம்மண்ணில் இரண்டடிக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் இட்டு நட்டதோடு, முதல் இரண்டு கோடைகளுக்கு வாரம் இருமுறை தண்ணீர் விட்டேன். அதன்பின் அது தண்ணீர் கேட்கவில்லை. நான்காம் ஆண்டு பங்குனியில், மொட்டையாக நின்ற கிளைகளில் தளிரோடு பூங்கொத்துகளும் வந்தன. வெளிர் ஊதாவில் ஐந்து மெல்லிய இதழ்கள், நடுவே கருஊதாவில் ஒரு சிறு குழல், அதன் வாயில் மஞ்சள் மகரந்தப்பை. வெயில் தாழ்ந்ததும் வாசல் முழுவதும் மணக்கும்.

இதன் குறை முறியும் கட்டை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றை எண்ணாமல், முதல் மரத்தை வீட்டின் மேற்கே வைத்துவிட்டேன். ஓர் இரவில் தொடைப் பருமனுள்ள கிளை கவையோடு பிளந்து விழுந்தது. மனம் மிகவும் வருந்தியது. இப்போதுள்ள மரம் வீட்டுக்குக் கிழக்கே, சுவரின் மறைவில் நிற்கிறது. பூ முடிந்ததும் வைகாசியில் நீண்ட கிளைகளைக் கழித்துவிடுகிறேன்.

வேப்பம்பழம் தின்று பழகிய குழந்தைகளுக்கு இதன் பழம் நஞ்சு என்பதைச் சொல்லியே வளர்க்க வேண்டும். மாடு கட்டும் கட்டுத்தரைக்கு அருகிலும் நடக்கூடாது. தை மாதத்தில் மஞ்சளாக உதிரும் பழங்களை நான் தினமும் காலையில் கூட்டி அள்ளிவிடுகிறேன்.