கையுறைக்குள் இருக்கும் கை

ஓய்வுபெற்ற குத்துச்சண்டை சாம்பியன் ஒருவருடன் சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பட்டம் வென்ற போட்டிகளைப் பற்றிக் கேட்பதற்காகக் கேள்விகளைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். அவரோ என் வலது கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "முதலில் இதைக் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி" என்றார்.

ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டை அது. அதன் முனையில் இருந்த வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று முறை, பிறகு உள்ளங்கை, பிறகு முட்டிகளின் மேல், அதன்பின் ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து மீண்டும் மணிக்கட்டுக்கே கொண்டுவந்தார். நான் விரல்களைச் சேர்த்து வைத்திருந்தபோது ஒருமுறை தட்டினார். விரல்களை அகல விரித்து வைத்துக் கட்டாவிட்டால் முஷ்டியை மடக்கும்போது துணி இறுகிக் கை மரத்துவிடுமாம்.

"கையுறை எதற்கு என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எதிராளிக்கு அடி பலமாக விழாமல் இருப்பதற்கு என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தம் வலது கையை மடக்கிக் காட்டினார். சுண்டுவிரலின் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. "மண்டை ஓடு கல் மாதிரி, கை எலும்பு குச்சி மாதிரி. கையுறை போட்டும் இது இரண்டு முறை உடைந்தது" என்றார்.

நான் படித்திருந்தவற்றுக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது. வெறுங்கையால் மோதிய காலத்தில் தலையைக் குறிவைத்து ஓயாமல் குத்துபவனின் கைதான் முதலில் உடையும் என்பதால், அடிகள் பெரும்பாலும் உடம்பில்தான் விழுந்தன. ஆட்டமும் மணிக்கணக்கில் நீண்டது. 1889இல் சல்லிவனும் கில்ரைனும் வெறுங்கையுடன் மோதிய ஹெவிவெயிட் பட்டப் போட்டி 75 சுற்றுகள் நடந்தது. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட இடைவேளை ஆகியவற்றை 1867இலேயே குவீன்ஸ்பெரி விதிகள் வகுத்திருந்தன என்றாலும், ஹெவிவெயிட் பட்டம் கையுறைக்கு மாறியது இந்த 1889 போட்டிக்குப் பிறகுதான். கைக்குப் பாதுகாப்பு கிடைத்ததும் தலையைத் தயக்கமின்றிக் குத்த முடிந்தது. கையுறை வந்ததால் விளையாட்டு மென்மையாகிவிட்டது என்று சொல்பவர்களுடன் இனி என்னால் ஒத்துப்போக முடியாது.

தலைக்கவசத்தைப் பற்றியும் அவருக்கு இதே கருத்துதான். அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் வரும் ஹூக் என்னும் குத்தையும் மறைத்துவிடும் என்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசமின்றி ஆடியதில் அவருக்கு வியப்பில்லை. சுற்றுகளைக் குறைத்ததைத்தான் உண்மையான சீர்திருத்தம் என்று கருதுகிறார். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் இறந்துபோனார். அதைத் தொடர்ந்தே 15 சுற்றுகளாக இருந்த பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுகளாயின. களைத்தவனுக்குக் கை தாழும், கழுத்துத் தசை தளரும், அதற்குப்பின் விழும் ஒவ்வொரு குத்தும் இரண்டு குத்துக்குச் சமம் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிந்திருந்தது.

தம் வெற்றிகளைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

விடைபெறும் நேரத்தில் என் கையிலிருந்த துணியை அவரே அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டினார். பிறகு வலது கையை மடக்கி என் முன் நீட்டி, "மண்டை ஓடு கல் மாதிரி தம்பி, கை எலும்பு குச்சி மாதிரி. இது இரண்டு முறை உடைந்தது தெரியுமா?" என்றார். அப்படியா ஐயா என்று கேட்டுக்கொண்டேன்.