சுக்ரே: காலையில் வகுப்பு, மதியத்துக்குமேல் ஊர்

பொலிவியாவின் சுக்ரே நகருக்கு ஸ்பானிஷ் படிக்கப் போகிறவர்கள் காலை வகுப்பையே கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மணி வாக்கில் கடைகள், அலுவலகங்கள், பல அருங்காட்சியகங்கள் எல்லாம் கதவைச் சாத்திவிடும். திரும்பத் திறக்க இரண்டரை, மூன்று ஆகிவிடும். மதிய வகுப்பு எடுத்தவருக்குக் காலையில் ஊர் கிடைக்கும், ஆனால் பேச இன்னும் வாய் வந்திருக்காது. காலையில் நான்கு மணி நேரம் படித்ததை அன்று மாலையே தெருவில் பேசிப் பார்ப்பதுதான் இந்த ஊருக்கு வருவதன் பலன்.

முதல் இரண்டு நாள் மட்டும் அவசரப்படக் கூடாது. நடுச்சதுக்கமே சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637தான். 3,600 மீட்டரில் உள்ள லா பாஸிலிருந்து இறங்கி வருகிறவருக்குச் சிரமம் குறைவு. சாந்தா க்ரூஸின் சமவெளியிலிருந்து நேராக விமானத்தில் வந்தால் தலைவலியும் மூச்சிரைப்பும் சகஜம். ஊரிலுள்ள லா ரெகொலேத்தா மேட்டில் ஏறுவதை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். தங்கும் வீட்டில் குளியலறைக் குழாயின் தலையிலேயே மின்சாரச் சூடேற்றி இருக்கும். தண்ணீரை முழுக்கத் திறந்தால் பச்சைத் தண்ணீராகத்தான் வரும், பாதி திறந்தால் சுடும். ஈரக் கையோடு மேலே இருக்கும் கம்பியையோ உலோகத்தையோ தொடாதீர்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு முதல் இடம் மத்தியச் சந்தை. நூறு, இருநூறு பொலிவியானோ நோட்டை அங்கே நீட்டினால் சில்லறை இருக்காது, பேச்சும் அதோடு நின்றுவிடும். பெரிய நோட்டை சூப்பர்மார்க்கெட்டில் மாற்றிக்கொண்டு போங்கள். கடைக்காரப் பெண்மணியைக் 'காசெரா' என்று கூப்பிடுவது வழக்கம். வாடிக்கைக்காரரையும் அவர் அதே சொல்லால்தான் கூப்பிடுவார். பழச்சாற்றுக் கடையில் தண்ணீரில் வேண்டுமா பாலில் வேண்டுமா என்று கேட்பார்கள்: 'கோன் ஆக்வா', 'கோன் லேச்சே'. குவளை காலியானதும் அரைத்த பாத்திரத்தில் மீதம் இருப்பதை ஊற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு யாப்பா என்று பெயர், ஆண்டிஸ் மலைப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல். நம் கொசுறேதான். 'யப்பீத்தா, காசெரீத்தா' என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பத்து மணி இடைவேளையில் சல்த்தேஞ்ஞா சாப்பிட்டாக வேண்டும். மதியத்துக்குமேல் நல்லது கிடைப்பது அரிது. பார்க்க சோமாசி மாதிரி இருந்தாலும் உள்ளே குழம்பு ததும்பும். குழம்பை ஜெலட்டினோடு ஆறவைத்துக் கெட்டியாக்கி, அதை மாவில் மூடிச் சுடுகிறார்கள். அடுப்புச் சூட்டில் அது உருகிவிடும். ஆகவே நடுவில் கடித்தால் சட்டை போச்சு. செங்குத்தாகப் பிடித்து மேல் முனையை மட்டும் கடித்து, குழம்பை உறிஞ்சிவிட்டு அப்புறம் தின்ன வேண்டும். காய்கறிப் பூரணம் என்று சொன்னாலும் ஜெலட்டின் பெரும்பாலும் விலங்கிலிருந்து வருவது. சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'சின் கார்னே' என்றால் மாட்டிறைச்சி இல்லாமல் என்றுதான் அங்கே புரிந்துகொள்வார்கள், கோழி வந்து நிற்கும். 'நி போல்யோ, நி பெஸ்காதோ' (கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். நிலக்கடலை சூப்பான சோப்பா தே மனீயிலும் அடியில் எலும்புச் சாறு இருக்கும். மேஜையில் வைக்கும் ல்யஹ்வா என்ற காரச் சட்னி நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும்: தக்காளி, கறுப்பு விதையுள்ள லொக்கோத்தோ மிளகாய், கிர்க்கீஞ்ஞா தழை, உப்பு. இதைப் பத்தான் என்ற கல்லில் அரைக்கிறார்கள். அம்மிக்கல் போலத் தட்டைக் கல்தான், ஆனால் குழவியை இழுப்பதில்லை, இரு பக்கமும் ஆட்டி அரைப்பார்கள்.

வழி கேட்பதில் பலரும் சறுக்குவார்கள். 'இந்தப் பக்கமா?' என்று கேட்டால் மரியாதைக்கு 'ஆமாம்' என்றே பதில் வரும். 'போர் தோந்தே?' (எந்தப் பக்கம்?) என்று கேளுங்கள். தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் பதில் 'இத்தனை குவாத்ரா' (கட்டம்) என்று வரும். மீக்ரோ எனப்படும் சிறு பேருந்தில் இறங்க வேண்டுமென்றால் மூலைக்கு முன்பே 'என் லா எஸ்கீனா, போர் ஃபவோர்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முனகினால் அடுத்த மூலைதான்.

இந்த ஊர் ஸ்பானிஷ் நிதானமானது, கடைசி 'ஸ்' விழுங்கப்படுவதில்லை. தெருவைக் குறிக்கும் சொல்லைக் 'காயே' என்று படித்துவிட்டு வந்தவருக்கு இங்கே 'கால்யே' என்று கேட்கும். வல்லின 'ர்ர்' பலர் வாயில் ழகரத்துக்குப் பக்கத்தில் வரும். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பிரயோகமும் உண்டு. விலை கேட்டதும் 'அபீயா சீதோ காரோ' என்பார்கள். இலக்கணப்படி அது இறந்தகாலத்துக்கும் முந்தைய இறந்தகாலம். அவர்கள் சொல்வதோ 'அட, விலை கூடுதலா இருக்கே!' என்பது. இப்போதுதான் தெரிந்தது என்ற வியப்புக்கு கெச்சுவாவில் தனி வினைவடிவம் உண்டு. அதன் நிழல்தான் இந்த ஸ்பானிஷில் விழுந்திருக்கிறது.

கேட்கும் பயிற்சிக்கு மே 25 சதுக்கத்திலுள்ள காசா தே லா லிபெர்தாத் (விடுதலை இல்லம்) அருங்காட்சியகம் போதும். 1825 ஆகஸ்ட் 6 அன்று பொலிவியாவின் விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான கூடம் அது. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துப் போர் நடத்திய ஹுவானா அசுர்துயின் எச்சங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஸ்பானிஷ் வழிகாட்டியுடன் போங்கள், முந்தைய இரவு ஆண்டுகளையும் பெயர்களையும் படித்துவைத்தால் பாதிக்குமேல் பிடிபடும். லா ரெகொலேத்தா பக்கமுள்ள பழங்குடித் துணி அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஹல்க்கா என்ற பழங்குடியினரின் நெசவில் கருப்பும் சிவப்புமாக, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்று தெரியாத விசித்திர மிருகங்கள். தராபுக்கோ என்ற ஊர்ப் பக்கத்து நெசவில் உழவு, ஆட்டம், குதிரை என்று வரிசை வரிசையாக அன்றாட வாழ்க்கை. இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு சந்தையில் ஏமாறமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தராபுக்கோ சந்தைக்குப் போங்கள், சுமார் 65 கிலோமீட்டர். அங்கே ஓடுவது கெச்சுவா. வீடு 'வாசி', வீடுகள் 'வாசிகுனா', வீட்டில் 'வாசிபி'. நம்மைப் போலவே ஒட்டி ஒட்டிப் போகும், வினை கடைசியில் வரும். கேட்பவரையும் சேர்த்த நாம் 'ஞோகாஞ்சிக்', சேர்க்காத நாங்கள் 'ஞோகாய்கு'. ஸ்பானிஷிலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். வயதான பெண்மணியை 'மமாய்' (என் அம்மா), பெரியவரைத் 'தத்தாய்' என்று கூப்பிடுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள், வேண்டாமென்றால் கேமராவைக் கீழே இறக்குங்கள். துணி எடுத்துப் பார்த்து 'மாச்க்கா, மமாய்?' என்று விலை கேட்டால், எண் மட்டும் பெரும்பாலும் ஸ்பானிஷிலேயே வரும். அங்கேதான் அறுபதும் எழுபதும் குழம்பும்: செசென்த்தா, செத்தென்த்தா. சந்தேகம் வந்தால் 'செய்ஸ், சேரோ?' என்று ஆறையும் சுழியத்தையும் தனித்தனியாகச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள்.