பொண்ணோட மனநல ட்ரீட்மெண்டுக்கு க்ளெய்ம் வாங்குன கதை

பொண்ணுக்கு ஓசிடி, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தச் செஞ்சுக்கிட்டே இருக்க வைக்கிற மனநோய். கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் தோல் உரிஞ்சு ரத்தம் கசிய ஆரம்பிச்சு, கடைசில சாப்பாட்டையும் நிறுத்திட்டா, டாக்டர் அட்மிட் பண்ணியே ஆகணும்னுட்டாரு. 2017 மனநலச் சட்டப்படி மைனர் பசங்கள பெரியவங்களோட சேத்துப் போடக்கூடாது, வீட்டாளோ அவங்க ஏற்பாடு பண்ற ஆளோ கூடவே தங்கணும், பொம்பளப் புள்ளைன்னா பொம்பளைதான் இருக்கணும். வைஃப் லீவு போட்டு தங்குனா.

கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டுறது) கேட்டோம், கம்பெனி சார்பா க்ளெய்ம் பாக்குற ஏஜென்சியான டிபிஏ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. சரின்னு நகைய வச்சு பில்லைக் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மெண்ட் போட்டா அதுக்கும் ஒத்த வரி பதில், மனநோய் பாலிசில கவர் ஆகாதாம். எடுத்துப் பாத்தா நெசமாவே அப்படி ஒரு க்ளாஸ் (நிபந்தனை) இருக்கு, வருஷா வருஷம் ரினியூ பண்ணிட்டு வர்ற பழைய பாலிசி.

ஆனா அந்த 2017 சட்டத்துல செக்‌ஷன் 21(4)னு ஒண்ணு இருக்கு, உடம்பு வியாதிக்கு எப்படி இன்சூரன்ஸ் தர்றீங்களோ அதே மாதிரி மனநோய்க்கும் தரணும்னு. 2018 ஆகஸ்ட்லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் சர்க்குலர் விட்டாச்சு, 2021ல டெல்லி ஹைகோர்ட் ஒரு கேஸ்ல இதே மாதிரி க்ளாஸைக் காட்டி மறுத்தது செல்லாதுன்னு பணம் தரச் சொல்லிருக்கு. இது மூணையும் போட்டு கம்பெனியோட கிரீவன்ஸ் செல்லுக்கு (புகார் பிரிவு) மெயில் அனுப்புனேன். கூடவே டாக்டர்கிட்ட ஒரு லெட்டர், ஏன் ஓபியில வச்சுப் பாக்க முடியல, ஏன் அட்மிஷன் தேவைப்பட்டுச்சுன்னு. இத மறக்காம வாங்கிருங்க, அடுத்து அவங்க பிடிக்கப்போற பாயிண்ட் அதுதான்.

ஒரு மாசம் ஆகியும் பதில் வரலன்னா, இல்ல வந்த பதில் சரியில்லன்னா, இன்சூரன்ஸ் புகார விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ற ஓம்புட்ஸ்மேன்கிட்ட போலாம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை ஆபீஸ். ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம், ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அதே விஷயத்துக்கு கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் நடந்தாலோ முடிஞ்சிருந்தாலோ எடுக்க மாட்டாங்க. நான் போட்டேன். ஹியரிங் நோட்டீஸ் போனதும் கம்பெனிக்காரங்களே போன் பண்ணி, "சார் செட்டில் பண்ணிடறோம்"னாங்க, அத்தன நாள் லைன்லயே கிடைக்காத ஆளுங்க! பணம் வந்துச்சு, வைஃப் தங்குன சார்ஜ் மட்டும் கழிச்சிட்டாங்க.

இப்ப வாராவாரம் தெரபி, அது ஓபி, அதனால எங்க பாலிசில பைசா வராது. ஓசிடிக்கு முக்கியமான வைத்தியமே அதுதான், அதுக்கு கைக்காசு! ரினியூவல் அப்ப ஓபி செலவுக்கு ரைடர் (பாலிசியோட சேக்குற கூடுதல் கவர்) கேட்டேன், "பல்லு, கண்ணு எல்லாம் வரும் சார், கவுன்சிலிங் வருமான்னு கேட்டுச் சொல்றேன்"னு போன ஏஜென்ட் இன்னும் கேட்டுட்டே இருக்காரு.