கப்பல் பட்டியலிலிருந்து ஒரு பாடம்

குடியேற்ற வரலாற்றை ஆண்டுகளின் வரிசையாக நடத்தினால் மாணவர்கள் தேர்வுக்கு மறுநாளே மறந்துவிடுகிறார்கள் என்பதைக் கண்டபின், அமெரிக்கக் குடியேற்றம் பற்றிய பாடத்தைக் கப்பல் பயணிகள் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். பெயர், வயது, தொழில், யாரை நாடிச் செல்கிறார் என்ற விவரங்களைப் படித்ததுமே கேள்விகள் எழுந்துவிடுகின்றன. 1892 ஜனவரி 1 அன்று, வந்திறங்கும் குடியேறிகளைச் சோதித்துப் பதிவுசெய்யும் எல்லிஸ் தீவு நிலையம் நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவர், அயர்லாந்திலிருந்து தம்பிகள் இருவருடன் வந்த ஆனி மூர் என்னும் பதின்வயதுப் பெண் என்றால், வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது. அங்கிருந்த அதிகாரிகள் வந்தவர்களின் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை (நானும் நெடுநாள் நம்பியதுதான்) இந்தப் பட்டியலே பொய்யாக்குகிறது. அதைத் தயாரித்தது கப்பல் நிறுவனம், அதிகாரிகள் சரிபார்த்தார்கள், அவ்வளவே.

ஆயினும் எல்லிஸ் தீவோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது என்பது என் கருத்து. சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, 1910 முதல் 1940 வரை சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைக்கப்பட்டவர்களிடம், சொந்த ஊரில் வீடுகள் எத்தனை வரிசை, வாசலில் எத்தனை படி என்றெல்லாம் விசாரித்தார்கள். மாணவர்களிடம் அவரவர் வீட்டுப் படிகளை நினைவிலிருந்து சொல்லச் சொன்னேன், பெரும்பாலோர் தடுமாறினர். அங்கே மரச்சுவர்களில் செதுக்கப்பட்ட சீனக் கவிதைகளை அதன் பிறகுதான் காட்டினேன். 1943இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம் கிடைத்தது.

குடும்பக் கதையை வகுப்பில் சொல்லும்படி எவரையும் நான் கேட்பதில்லை. சில வீடுகளில் அது இன்னும் ஆறாத காயம்.